கார் ஆடியோவுக்கு லித்தியம் பேட்டரி: பட்டறையில் கற்றவை

கோவையில் கார் ஆடியோ பொருத்தும் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்கள் எந்த ஸ்பீக்கர் நல்லது, எந்த ஆம்ப் நல்லது என்று கேட்பார்கள். இப்போது பலரும் வந்ததும் கேட்பது இதுதான்: "ஏனுங்கண்ணா, டிக்கில லித்தியம் பேட்டரி ஒண்ணு வெச்சா பேஸ் நல்லா வருமுங்களா?"

வரும். சொந்தக் காரிலும் வாடிக்கையாளர்களின் கார்களிலும் பொருத்தி, ஓட்டி, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் லித்தியம் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒயர், எர்த், ஃபியூஸ் மூன்றும் ஒழுங்காக இல்லாத காரில் அதை வைத்தால் பணமும் வீண், உயிருக்கும் ஆபத்து. அவை ஒழுங்காக இருக்கும் காரில், சரியான வகையைச் சரியான முறையில் வைத்தால் பாட்டின் தரம் நிஜமாகவே உயரும். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், எதில் கவனம் வேண்டும் என்று நான் கற்றவற்றை இங்கே சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு சாதாரண ஹேட்ச்பேக் கார். கதவு ஸ்பீக்கர்களுக்கு 75 வாட் வீதம் நான்கு சேனல் ஆம்ப் ஒன்று. சப்-வூஃபருக்கு 1000 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் ஒன்று. கதவு ஆம்ப் ஏபி வகை என்றால், உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதம்தான் ஸ்பீக்கரைச் சேரும். மிச்சம் சூடாகப் போய்விடும். மோனோ ஆம்ப் டி வகை என்றால் சுமார் 80 சதவீதம் சேரும். அதன்படி முதல் ஆம்ப் 500 வாட், இரண்டாவது 1250 வாட் இழுக்கும். மொத்தம் 1750 வாட். 13.8 வோல்ட்டில் அது ஏறக்குறைய 127 ஆம்பியர்.

பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை. சராசரி இழுப்பு இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்; 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு ஏசி புளோயர், ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்து இன்னொரு 30, 40 ஆம்பியர் கேட்கும். நம் ஊர்ச் சிறிய கார்களில் ஆல்டர்னேட்டரே பெரும்பாலும் 70 முதல் 100 ஆம்பியர் அளவுதான். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிது.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவேன். போர் மோட்டார்தான் தண்ணீர் தருகிறது. தொட்டி சேர்த்து வைக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் ஒரே நேரத்தில் நாலு குழாயைத் திறந்தாலும் வேகம் குறையாது; ஆனால் மோட்டார் ஏற்றுவதைவிட நாள்தோறும் அதிகமாகச் செலவழித்தால் எவ்வளவு பெரிய தொட்டியும் காலியாகும். காரில் மோட்டார் ஆல்டர்னேட்டர், தொட்டி பேட்டரி. சராசரி இழுப்பை ஆல்டர்னேட்டர் தாங்க வேண்டும். நொடிநேர உச்சங்களைப் பேட்டரி தாங்க வேண்டும். சராசரியையே ஆல்டர்னேட்டரால் தர முடியாத காரில் லித்தியம் வைத்தால், இறங்கிப்போகும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் மீட்டரால் அளங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது, பாட்டும் பிசிறுகிறது. லித்தியம் போட்டுத் தாருங்கள் என்றார். பாட்டை ஓடவிட்டு அளந்தேன். பானெட்டுக்குள் பேட்டரி முனையில் 13.6 வோல்ட். டிக்கியில் ஆம்ப் முனையில் பேஸ் விழும்போது 11.4. இடையில் 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. எர்த் ஒயரைப் பெயின்ட்டைச் சுரண்டாமல் சீட் போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். பாசிட்டிவ் ஒயர் தாமிரப் பூச்சு போட்ட அலுமினியம். இரண்டையும் மாற்றினோம். ஆம்ப் முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் நின்றது. லித்தியம் தேவைப்படவே இல்லை.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு மூன்று இடங்களில் அளங்கள். ஒன்று, முன் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே. இரண்டு, ஆம்பின் இரு முனைகளுக்கு நடுவே. மூன்று, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவே. மூன்றாவதில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால் ஒயர் சரியில்லை. முதலாவதே 12.5க்குக் கீழே விழும்போதுதான் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒயரில் எவ்வளவு போகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. பானெட்டிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் ஒயர், அதில் 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 4 கேஜ் சுத்தத் தாமிரத்தில் சுமார் 0.4 வோல்ட் விழும். அதே கனத்தில் தாமிரப் பூச்சு அலுமினியம் என்றால் 0.6 வோல்ட்டுக்கு மேல். 1/0 கேஜ் தாமிரத்தில் 0.16 வோல்ட்தான். உண்மையைக் கண்டுபிடிக்க ஒயர் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

அடுத்தது பானெட்டுக்குள் மூன்று ஒயர்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு. கம்பெனி ஒயரைக் கழற்ற வேண்டாம். கூடவே கனமான ஒயர் ஒன்றைச் சேர்த்தால் போதும். முதலாவதில் ஃபியூஸ் அவசியம். புதிய கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சார் இருக்கும். எர்த்தை அதைத் தாண்டி நேராக முனையில் கொடுத்தால் காரின் கணக்கு குழம்பும். பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

வோல்ட் விழுவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், ரெகுலேட்டட் அல்லாத ஆம்பின் உச்ச வாட் வோல்ட்டின் வர்க்கத்தை ஒட்டி மாறும். 14.4 வோல்ட்டில் 1000 வாட் தருவது 12 வோல்ட்டில் 700 வாட்கூடத் தராது. அப்போதும் வால்யூமை ஏற்றினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலைச் சூடேற்றிக் கருக்குகிறது. கருகிய சப்-வூஃபரோடு வருகிறவர்களிடம் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் நான் வோல்ட்டை அளந்து காட்டுகிறேன்.

எல்லா லித்தியமும் ஒன்றில்லை

ஒயரிங் சரியான பிறகும் வோல்ட் போதவில்லை, அல்லது இன்ஜினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் லித்தியத்துக்கு வரலாம். கடையில் லித்தியம் என்ற ஒரே பெயரில் மூன்று வகை கிடைக்கிறது. மூன்றுக்கும் குணம் வேறு.

முதலாவது என்எம்சி. லேப்டாப்பிலும் பல மின் ஸ்கூட்டர்களிலும் இருப்பது. ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் முழு அளவே 12.6 வோல்ட்தான். காரின் ஆல்டர்னேட்டர் 14.4 தருகிறது. ஒவ்வொரு செல்லிலும் 4.8 வோல்ட் ஏறும். அது தீப்பிடிக்கும் நிலை. நான்கு செல் போட்டால் 16.8 வோல்ட் வேண்டும். ஆல்டர்னேட்டரால் அதை நிரப்ப முடியாது. பழைய ஸ்கூட்டர் செல்லில் செய்த "12 வோல்ட் பேக்" என்று மலிவாகக் கிடைப்பதைப் பொருத்தச் சொல்லி வருகிறார்கள். நான் பொருத்துவதில்லை. எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் என் பதில் மாறாது.

இரண்டாவது எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், நான்கு செல்லுக்கு 12.8. முழுச் சார்ஜுக்கு 14.4 முதல் 14.6 போதும். காரின் ஆல்டர்னேட்டருக்கு இயல்பாகவே பொருந்துகிற அளவு இது. சூடு தாங்கும் திறனும் என்எம்சியைவிட அதிகம். இந்த வேதியியலுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதை எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்வேன். அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், அறிவியலாளர் ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து 1980களில் செய்த ஆய்வு, ஆக்சைடுகளுக்குப் பதிலாக சல்பேட், பாஸ்பேட் போன்ற தொகுதிகளைப் பயன்படுத்தும் வழியைத் திறந்தது. அந்த வழியில் குட்இனஃப்பின் டெக்சாஸ் குழு 1997இல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. 2019இல் குட்இனஃப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான்.

மூன்றாவது எல்டிஓ, லித்தியம் டைட்டனேட். ஒரு செல்லுக்கு 2.3 வோல்ட், ஆறு செல்லுக்கு 13.8. 14.4 வோல்ட் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 2.4தான் ஏறும், அதன் உச்சவரம்பைத் தொடாது. அதனால் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்க வசதி. பெரிய மின்னோட்டத்தைச் சட்டென்று கொடுக்கும், சட்டென்று வாங்கும். பல ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும். பேஸ் போட்டிக்கு வண்டி கட்டுகிறவர்கள் இதை விரும்புவது இதனால்தான். எடை கூடுதல், விலையும் கூடுதல்; அதே அளவு இடத்தில் எல்எஃப்பி சேர்த்து வைப்பதைவிட இது குறைவாகத்தான் சேர்த்து வைக்கும்.

என் பரிந்துரை இது. ஓடும்போது உச்ச பேஸ் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு எல்டிஓ. இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு எல்எஃப்பி. என்எம்சி யாருக்குமே வேண்டாம்.

எல்எஃப்பியின் குணம்

பழைய லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். பாதி இறங்கும்போது 12.2 ஆகிவிடும். எல்எஃப்பி முக்கால்வாசிக் காலம் 13.2ஐ ஒட்டியே நிற்கும். இன்ஜினை அணைத்த பிறகும் பாட்டு அதே அழுத்தத்தோடு கேட்பதற்கு இதுதான் காரணம். உள் தடையும் குறைவு என்பதால் பேஸ் விழும்போது வோல்ட் சரிவது குறையும்.

இந்த நற்குணமே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. 13.2 வோல்ட் என்று மீட்டர் காட்டினால் பேட்டரியில் 80 சதவீதமும் இருக்கலாம், 40 சதவீதமும் இருக்கலாம். வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் வைத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். நான் பொருத்தும் எல்லா எல்எஃப்பியோடும் அது இருக்கும்.

இரண்டாவது சிக்கல், முன்னால் இருக்கும் லெட் ஆசிட்டோடு இதை எப்படிச் சேர்ப்பது என்பது. இரண்டையும் எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், கார் நிற்கும்போது 13.2இல் இருக்கும் லித்தியம் 12.6இல் இருக்கும் முன் பேட்டரிக்குள் இரவெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். இக்னிஷன் போட்டால் மட்டும் இணைக்கும் ரிலே ஒன்று வேண்டும். 200 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் வகையாக அது இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் ரிலே போடக்கூடாது, அது சில நொடிகளுக்கு மட்டுமே செய்யப்பட்டது.

மூன்றாவது சிக்கல், காலியான லித்தியம் கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். லெட் ஆசிட் போல இழுப்பைத் தானே குறைத்துக்கொள்ளாது. சிறிய ஆல்டர்னேட்டர் நெடுநேரம் முழு மூச்சில் ஓடினால் சூடாகிக் கருகும். அதுவும் ஐடிலில் அதன் விசிறி மெதுவாகச் சுற்றும் நேரத்தில். இதற்குத் தீர்வு டிசி-டிசி சார்ஜர். முன் பேட்டரியிலிருந்து 30 அல்லது 40 ஆம்பியர் மட்டும் எடுத்து, லித்தியத்துக்குத் தேவையான வோல்ட்டில் கொடுக்கும்.

புதிய கார்களுக்கு இது கட்டாயம். அவற்றின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த, சில நேரம் 12.5 வரை இறங்கும், பிரேக் பிடிக்கும்போது 15ஐ நெருங்கும். இறங்கும்போது லித்தியம் காருக்கே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். ஏறும்போது செல்லுக்கு ஆகாது. 2018இல் வந்த சியாஸ் 1.5 பெட்ரோல் போன்ற மைல்டு ஹைபிரிட் கார்களில் கம்பெனியே ஒரு சிறிய லித்தியம் பேட்டரியைக் கூடுதலாக வைத்திருக்கிறது. அது காரின் சொந்த வேலைக்கானது. அதிலிருந்து ஆம்புக்கு ஒயர் எடுக்கவே கூடாது.

டிசி-டிசி வைத்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஆம்ப் முழுவதும் லித்தியத்தை மட்டும் நம்பி ஓடும். சராசரி இழுப்பு 40 ஆம்பியர், சார்ஜர் தருவது 30 என்றால் ஓட ஓட லித்தியம் இறங்கும். சராசரியைவிட அதிகம் தரும் சார்ஜரை எடுங்கள். அதை உங்கள் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

பிஎம்எஸ் என்ற காவலாளி

லித்தியம் பேக்குக்குள் பிஎம்எஸ் என்ற பலகை இருக்கும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்த்து, அதிகம் ஏறினாலும் அதிகம் இறங்கினாலும் சூடானாலும் துண்டிக்கும், செல்களைச் சமப்படுத்தும். இது இல்லாத எல்எஃப்பியைக் காரில் வைக்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் செய்த பேட்டரியை அப்படியே காரில் வைத்தால் வரும் தொல்லை வேறு. அதன் பிஎம்எஸ் 100 ஆம்பியர் தாங்கும் என்றால், பேஸ் விழும் நேரத்தில் ஆம்ப் 130 கேட்டதும் துண்டித்துவிடும். பாட்டு பாதியில் நின்றுபோகும். ஆம்ப் கேட்கும் உச்சத்தைப்போல ஒன்றரை மடங்காவது தொடர்ச்சியாகத் தாங்கும் பிஎம்எஸ் வேண்டும்.

முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு எல்எஃப்பி ஒன்றை மட்டும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஓடும்போது பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் வோல்ட் எகிறும். காரின் ஈசியூவையே அது பாதிக்கலாம். முன்னால் லெட் ஆசிட் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். பானெட்டுக்குள் இருக்கும் சூடும் லித்தியத்துக்கு ஆகாது.

ஃபியூஸ்: இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஒரு லித்தியம் பேக் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் ஒன்று இரு முனைகளிலும் விழுந்தால் உருகித் தெறிக்கும். ஒயர் உரசி பாடியில் பட்டால் கார்ப்பெட்டில் தீப்பற்றும்.

முன் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் நடுவே ஓடும் ஒயரின் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். மின்சாரம் இரு பக்கத்திலிருந்தும் வரும் என்பதால். ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸின் அளவு ஒயர் தாங்கும் அளவைப் பொறுத்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதை மாட்டினால், அடுத்து எரிவது ஒயர்.

எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதோடு, எத்தனை ஆம்பியரைத் துண்டிக்க முடியும் என்றும் பாருங்கள். கடையில் கிடைக்கும் கண்ணாடி ஃபியூஸ் லித்தியத்தின் ஷார்ட் மின்னோட்டத்தில் உருகிய பிறகும் உள்ளே பொறி தொடர்ந்து பாயலாம். நல்ல ஏஎன்எல் ஃபியூஸ் 6000 ஆம்பியர்வரை துண்டிக்கும். கிளாஸ் டி (T) ஃபியூஸ் 20,000வரை. லித்தியத்தின் முனையில் நான் மாட்டுவது கிளாஸ் டி. ஒயரின் மறுமுனையில் ஏஎன்எல்.

வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டிய லக் நாளடைவில் தளர்ந்து சூடாகும். பொருத்திய சில வாரங்களில் எல்லா முனைகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பாட்டு ஓடும்போது முனையைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது.

நம் ஊர் வெயிலும் ஊட்டிக் குளிரும்

மதுரையிலோ திருச்சியிலோ வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, நிழலின்றி நிற்கும் காருக்குள் 60ஐத் தொடும். எல்எஃப்பி செல்களைச் சார்ஜ் செய்ய நல்ல வரம்பு 45 டிகிரிவரை. சூடு கூடக் கூட ஆயுள் குறையும். அதனால் இடம் முக்கியம். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு கூடவே கூடாது. டிக்கியின் தரைப்பகுதி, ஸ்டெப்னி கிணற்றின் ஓரம், சீட்டுக்கு அடியில் என வெயில் நேரே படாத இடமாகத் தேடுங்கள். ஆம்பையும் பேட்டரியையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஆம்பின் சூடு செல்லுக்கு ஏறும். வெயிலில் நிறுத்திய காரை எடுத்தால், ஏசி போட்டு உள்ளே தணிந்த பிறகு வால்யூமை ஏற்றுங்கள்.

குளிரும் பிரச்சினைதான். எல்எஃப்பியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். சமவெளிக்காரர்களுக்கு இது கவலையே இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவில் காரை வெளியே நிறுத்துகிறவர்களுக்குக் குறைந்த வெப்பத்தில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் வேண்டும். எல்டிஓவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரியை இரும்பு பிராக்கெட்டில், ரப்பர் வைத்து, காரின் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 50 ஏஎச் பேட்டரி சுமார் 6 கிலோ இருக்கும். மோதலில் அது பறந்து வந்தால் பின்சீட்டில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. டபுள் டேப்பும் கயிறும் இந்த வேலைக்கு உதவாது. சதுர செல்களை நீங்களே அடுக்குவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஃபைபர் தகடு வையுங்கள். அலுமினிய உறையிலேயே மின்னழுத்தம் இருக்கலாம். இரண்டு உறைகள் உரசினால் ஷார்ட்.

செல் வாங்கும்போது

சந்தையில் புதிய செல், இரண்டாம் தரம், மின் வண்டியிலிருந்து கழற்றியது எல்லாம் ஒரே பளபளப்போடு கிடைக்கின்றன. பார்வையில் பிரித்தறிய முடியாது. நான் மூன்றைக் கேட்பேன்: செல்லின் டேட்டா ஷீட், ஒவ்வொரு செல்லின் கொள்ளளவுச் சோதனை முடிவு, ஒவ்வொன்றின் உள் தடை. ஒரே பேக்கில் சேரும் செல்களின் உள் தடை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகியிருந்தால், அந்த ஒன்றுதான் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். மொத்த பேக்கையும் அது இழுத்துவிடும். உப்பிய செல்லை விலை பேசவே வேண்டாம்.

செல்களை அடுக்கும் முன் எல்லாவற்றையும் இணையாக இணைத்து 3.65 வோல்ட்வரை ஏற்றிச் சமப்படுத்துங்கள். வெளியிலிருந்து சார்ஜ் செய்ய எல்எஃப்பிக்கு உரிய 14.6 வோல்ட் சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். லெட் ஆசிட் சார்ஜரில் "ரிப்பேர்" என்ற பொத்தான் இருந்தால் அது 15, 16 வோல்ட்டுக்கு ஏற்றும். அதை லித்தியத்தோடு சேர்க்கக்கூடாது.

டூர் வேன்காரர்களுக்கு

லித்தியத்தால் அதிகப் பயன் பெறுகிறவர்கள் என் அனுபவத்தில் டூர் வேன்காரர்கள். பழனி, வேளாங்கண்ணி என்று போய், இரவில் மண்டப வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டும் லைட்டும் ஓடவிடுவார்கள். "காலைல செல்ஃபே எடுக்கலீங்க, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுனோம்" என்று வருவார்கள்.

12 வோல்ட் வேனுக்கு நான் சொல்வது இது. முன் பேட்டரி ஸ்டார்ட் செய்ய மட்டும். ஆடியோவுக்கும் அலங்கார லைட்டுக்கும் தனியாக 100 ஏஎச் எல்எஃப்பி. நடுவே 30 ஆம்பியர் டிசி-டிசி. 80 சதவீதம் பயன்படுத்தினால் 80 ஏஎச். மிதமான சத்தத்தில் 12 ஆம்பியர் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மறுநாள் மூன்று மணி நேர ஓட்டத்தில் மறுபடி நிரம்பிவிடும். இரவெல்லாம் பாட்டு ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்கும்.

பெரிய பஸ்கள் 24 வோல்ட். அதன் ஆல்டர்னேட்டரை 12 வோல்ட் லித்தியத்தோடு நேராக இணைத்தால் விபரீதம். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. ஒன்று காலியாகும், மற்றது அதிகம் ஏறிக் கெடும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கன்வெர்ட்டரோ சார்ஜரோ வேண்டும்.

பொருத்திய பிறகு

டிக்கிக்குள் கண்ணில் படும்படி "இங்கே இரண்டாவது பேட்டரி உள்ளது" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மெக்கானிக் முன் பேட்டரியைக் கழற்றினாலும் காரில் மின்சாரம் இருக்கும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். விபத்து நடந்தால் தீயணைப்பு வீரருக்கும் தெரிய வேண்டும். பாடியில் வெல்டிங் வேலை நடந்தால் இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். பல வாரம் காரை எடுக்கப்போவதில்லை என்றால் லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் விட்டு, அதைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

பேட்டரியிலிருந்து புகை வந்தால் காரை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று, 112 அல்லது 101ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு. பேட்டரியைக் காப்பாற்ற டிக்கியைத் திறக்க வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்திடம் கூடுதல் மின்சாதனங்களைத் தெரிவித்து பாலிசியில் சேர்த்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும் நேரத்தில் தடையாகும். ஆயுள் முடிந்த லித்தியத்தைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், உடைக்கும்போது தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.

சத்தம் பற்றியும் ஒரு சொல். குடியிருப்புப் பகுதிக்கு அரசு வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. நல்ல வோல்ட் கிடைக்கும் ஆம்பில், குறைந்த சத்தத்திலும் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் பிரிந்து தெளிவாகக் கேட்கும். லித்தியத்துக்குச் செலவழிப்பதன் பயனாக நான் கருதுவது அந்தத் தெளிவைத்தான்.

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்: முதலில் சுத்தத் தாமிர ஒயரும் நல்ல எர்த்தும், அடுத்து ஃபியூஸ், பிறகு ஆல்டர்னேட்டரைச் சோதித்துப் பார்ப்பது, கடைசியாக லித்தியம், அதுவும் பிஎம்எஸ், ஷன்ட் மீட்டர், சார்ஜர் மூன்றோடும் சேர்த்து. இவற்றில் ஒன்றுக்குப் பணம் போதவில்லை என்றால் லித்தியத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். அதுவரை சரியான ஒயரிங்கில் ஓடும் சாதாரணப் பேட்டரியே உங்களுக்கு நல்ல பாட்டைக் கொடுக்கும்.